பசியும் பெருந்தீனியும்: ஏரிகள் சொல்லும் பாடம்



ஊர்க் குளத்துத் தண்ணீர் பச்சைப் பசேலென்று மாறி, கரையில் நின்றாலே நாற்றம் அடிக்கிறது என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள், தண்ணீர் விஷமாகிவிட்டது" என்கிறோம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான நேரங்களில் அந்தக் குளத்தில் போய்ச் சேர்ந்தது விஷம் அல்ல, உணவு. நெல்லை விளைவிக்கிற, நம் எலும்பையும் பல்லையும் உறுதியாக்குகிற அதே சத்துதான் அந்தக் குளத்தின் மூச்சை நிறுத்தியிருக்கிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாம் எல்லாரும் அறிந்த பழமொழி. அதைப் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியும் பேச்சைப் பற்றியும்தான் சொல்கிறோம். ஏரிக்கும் குளத்துக்கும் அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் என்பதை, உலகின் நான்கு ஏரிகளின் வரலாற்றைக் கொண்டு இங்கே சிந்திப்போம். ஒன்று பட்டினி கிடந்த ஏரி. ஒன்று உண்மையைச் சொன்ன ஏரி. ஒன்று குணமடைந்த ஏரி. மற்றொன்று குணமடைந்து, மீண்டும் நோயில் விழுந்த ஏரி.

தண்ணீருக்குள் ஒரு சமையலறை

ஏரித் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. வயலில் பயிர் செய்கிற வேலையை நீரில் இவை செய்கின்றன. சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. இந்தப் பாசியை நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்கள் தின்கின்றன. சிற்றுயிர்களைச் சிறு மீன் தின்கிறது. சிறு மீனைப் பெரிய மீனும் கொக்கும் நாரையும் தின்கின்றன. கடைசியில் நம் வீட்டுக் குழம்புச் சட்டிக்கும் மீன் வந்து சேர்கிறது. இறந்தவை அனைத்தும் அடியில் படிந்து, பாக்டீரியாக்களால் மட்கி, அவற்றில் இருந்த சத்து மீண்டும் தண்ணீருக்கே திரும்புகிறது. இந்தச் சமையலறையில் எதுவும் வீணாவதில்லை.

பாசி வளர முக்கியமாக மூன்று பொருள்கள் வேண்டும். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ். கார்பன் காற்றிலிருந்து கரியமில வாயுவாக நீரில் கரைகிறது. நைட்ரஜனும் காற்றில் நிறைய இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுதான். அதை நேரடியாகப் பிடித்துப் பயன்படுத்தும் ஆற்றல் சில உயிரிகளுக்கு மட்டுமே உண்டு. பாஸ்பரஸ் இவற்றிலிருந்து வேறுபட்டது. காற்றில் அதற்குக் கிடங்கு இல்லை. பாறைகள் ஆண்டாண்டு காலமாக மெல்லக் கரைவதால் மட்டுமே அது இயற்கையாக நீருக்கு வருகிறது. ஆகவே தூய்மையான ஏரிகளில் அது எப்போதும் பற்றாக்குறைதான்.

எடையளவில் பார்த்தால், 1 பங்கு பாஸ்பரஸுக்கு ஏறத்தாழ 7 பங்கு நைட்ரஜனும் 40 பங்கு கார்பனும் பாசிக்குத் தேவைப்படுகின்றன. இதில் எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதோடு வளர்ச்சி நின்றுவிடும். நம் இல்லத்தரசிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். இட்லிக்கு நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்பது கணக்கு. வீட்டில் ஒரு படி உளுந்துதான் இருக்கிறது என்றால், மூட்டை மூட்டையாக அரிசி இருந்தும் என்ன பயன்? நாலு படி அரிசிக்குத்தான் மாவு ஆட்ட முடியும். பெரும்பாலான நன்னீர் ஏரிகளில் அந்த உளுந்தின் இடத்தில் இருப்பது பாஸ்பரஸ்.

அந்தச் சிறு அளவின் வலிமையைப் பாருங்கள். ஒரு கிலோ பாஸ்பரஸ், மற்றச் சத்துகள் கிடைத்தால், 500 கிலோ வரை ஈரப் பாசியை வளர்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரில் 10 மில்லிகிராமுக்குக் குறைவாகப் பாஸ்பரஸ் இருந்தால் அந்த ஏரி தெளிவாக இருக்கும். 35 மில்லிகிராமைத் தாண்டினால் பச்சையாகத் தொடங்கிவிடும். ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட இல்லாத வேறுபாடு இது!

பட்டினி கிடந்த ஏரி

சத்து இல்லாமலே இருந்துவிட்டால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கலாம். அதுவும் சரியல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் கூட்னி என்றொரு நீண்ட ஏரி இருக்கிறது. 1960-களிலும் 1970-களிலும் அந்த ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஆறுகளின் குறுக்கே அணைகள் கட்டப்பட்டன. அணைகள் நீரை மட்டும் தடுக்கவில்லை, நீரோடு வந்த சத்தையும் தடுத்து வண்டலாக்கிக்கொண்டன. ஏரி கண்ணாடிபோல் தெளிந்தது. ஆனால் பாசி குறைந்தது. பாசி குறையவே சிற்றுயிர்கள் குறைந்தன. அவற்றை உண்டு வாழும் கோகனி என்ற சால்மன் வகை மீன்களும் வேகமாகக் குறைந்துபோயின.

இறுதியில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1992-ஆம் ஆண்டு முதல், அந்த ஏரியின் வடபகுதியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலந்த திரவ உரத்தை அளந்து அளந்து ஊற்றத் தொடங்கினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் மீன்கள் மீண்டும் பெருகின. வயலுக்கு உரம் போடுவதுபோல ஏரிக்கு உரம் போட்ட கதை இது.

ஆகவே ஊட்டச்சத்து ஏரியின் எதிரி அல்ல. அது இல்லாமல் ஏரியில் உயிரே இல்லை. எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

உண்மையைச் சொன்ன ஏரி

1960-களில் வட அமெரிக்காவின் பல ஏரிகள் பச்சையாகி நாறத் தொடங்கின. காரணம் எது என்பதில் பெரும் வாக்குவாதம் எழுந்தது. அந்நாளில் அமெரிக்காவின் சாக்கடை நீரில் இருந்த பாஸ்பரஸில் ஏறத்தாழ பாதி, துணி துவைக்கும் சலவைத் தூளிலிருந்து வந்தது. சலவைத் தூள் தயாரிப்பாளர்கள் தரப்பிலோ, குற்றவாளி பாஸ்பரஸ் அல்ல, கார்பன்தான் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. ஆய்வுக்கூடக் குடுவைகளில் செய்த சோதனைகள் சில அதற்கு ஆதரவாகவும் இருந்தன.

குடுவை வேறு, ஏரி வேறு அல்லவா? உண்மையை அறிய, உண்மையான ஏரிகளிலேயே சோதனை செய்ய கனடா நாடு முடிவெடுத்தது. ஒன்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில், மனிதர் வாழாத காட்டுப் பகுதியில் இருந்த சிறு ஏரிகள் பல, 1968-இல் ஆய்வுக்கென்று ஒதுக்கப்பட்டன. அங்கே பணியைத் தலைமையேற்று நடத்தியவர் டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிவியலாளர்.

அந்த ஏரிகளுக்குப் பெயர் இல்லை, எண்கள்தாம் உண்டு. அவற்றில் 226-ஆம் எண் ஏரி நடுவில் இடை சிறுத்து, உடுக்கை வடிவில் இருந்தது. 1973-இல் அந்த இடுப்புப் பகுதியில் ஒரு பெரிய திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அதே கார்பன், அதே நைட்ரஜன், அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். வேறு எந்த வேறுபாடும் இல்லை.

வானிலிருந்து எடுத்த புகைப்படம் எல்லா வாதத்தையும் முடித்துவைத்தது. பாஸ்பரஸ் சேர்க்காத பாதி, பழையபடி கருநீலமாகத் தெளிந்திருந்தது. பாஸ்பரஸ் சேர்த்த பாதி, பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் மாறியிருந்தது. பக்கம் பக்கமாக எழுதினாலும் புரியாததை அந்த ஒரு படம் பாமரருக்கும் புரியவைத்தது. சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் நாடு நாடாக வந்ததற்கு இந்தச் சோதனைகள் பெரும் காரணமாயின. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் வீட்டுச் சலவைத் தூளுக்கு இந்தக் கட்டுப்பாடு 2013-இல் நடைமுறைக்கு வந்தது.

அங்கே 227-ஆம் எண் ஏரியிலும் ஒரு பாடம் கிடைத்தது. நைட்ரஜன் சேர்ப்பதைக் குறைத்து, பிறகு அறவே நிறுத்திப் பார்த்தார்கள். பாசி குறையவில்லை. காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடிக்கத் தெரிந்த நீலப்பச்சைப் பாசிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பாஸ்பரஸ் வந்துகொண்டே இருக்கும்வரை, மற்றவற்றை ஏரி எப்படியாவது தேடிக்கொள்கிறது. சில ஏரிகளில் நைட்ரஜனும் கட்டுப்பட வேண்டும் என்பது உண்மையே. எனினும் முதலில் அடைக்க வேண்டிய வாசல் பாஸ்பரஸ்தான்.

உணவு எப்படி மூச்சை நிறுத்துகிறது?

பாசி என்பது பச்சைத் தாவரம் போன்றதுதானே, அது ஆக்சிஜன் தராதா என்று கேட்கலாம். தரும், பகலில். இரவிலோ அதுவும் சுவாசிக்கிறது, நீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மேலும் பாசி அடர்த்தியாகப் படரும்போது ஒளி கீழே இறங்குவதில்லை. அடியில் இருக்கும் நீர்த்தாவரங்கள் வாடிச் சாகின்றன. சில நாளில் பாசியும் மடிந்து அடியில் விழுகிறது. அவ்வளவையும் மட்கச் செய்ய பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கின்றன. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவதையும், பிறகு வெள்ளை வயிறு தெரிய மிதப்பதையும் நம் ஊர்க் குளங்களிலேயே பலரும் பார்த்திருப்பீர்கள். பல நேரங்களில் அந்த மீன்கள் விஷத்தால் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன.

தீமை அதோடும் நிற்பதில்லை. ஏரியின் அடிச்சேறு பாஸ்பரஸை இரும்போடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டு ஆக்சிஜன் இருக்கும்வரைதான் வேலை செய்யும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பூட்டு திறந்துகொள்கிறது. பல ஆண்டுகளாகப் படிந்திருந்த பாஸ்பரஸ் மீண்டும் நீருக்கு வருகிறது, மீண்டும் பாசி, மீண்டும் சாவு. வெளியிலிருந்து வரும் கழிவை முற்றிலும் நிறுத்திய பிறகும் சில ஏரிகள் பல ஆண்டுகள் குணமடையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். நாம் மறந்ததைச் சேறு மறப்பதில்லை.

குணமடைந்த ஏரி

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டி வாஷிங்டன் ஏரி இருக்கிறது. 1941-க்குப் பிறகு, கரையோர ஊர்கள் தங்கள் சாக்கடை நீரைச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாக அந்த ஏரியில் விடத் தொடங்கின. இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அது சுத்திகரிக்கப்பட்ட நீர். நாற்றமும் கிருமியும் பெருமளவு நீங்கிய, பார்வைக்குத் தெளிந்த நீர். ஆனால் கரைந்திருந்த பாஸ்பரஸ் அதில் அப்படியே இருந்தது. 1955-இல் அந்த ஏரியில் ஒரு வகை நீலப்பச்சைப் பாசி தோன்றியிருப்பதை, வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் எட்மண்ட்சனின் குழு கண்டது. ஐரோப்பாவில் கெட்டுப்போன ஏரிகளில் முதலில் தலைகாட்டிய அதே பாசி அது. நோய் முற்றுவதற்கு முன்பே அறிகுறியைக் கண்டுகொண்டார் அவர்.

அவர் வாளாவிருக்கவில்லை. ஏரிக்கு என்ன நேரும், கழிவை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை எளிய மொழியில் எழுதி, பொதுப்பணியில் ஈடுபட்டிருந்த ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வழக்கறிஞருக்கு 1957-இல் அனுப்பினார். எல்லா ஊர்களின் சாக்கடையையும் ஒன்றுசேர்த்து ஏரியிலிருந்து திருப்பிவிடும் திட்டம் 1958 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்றது. சோர்ந்துவிடாமல் திட்டத்தைத் திருத்தி, அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் மக்கள் முன் வைத்தார்கள். இம்முறை வென்றது. தங்கள் வரிப்பணம் செலவாகும் என்று தெரிந்தே மக்கள் வாக்களித்தார்கள். அப்போது ஏரி முழுவதுமாகக் கெட்டுவிடவும் இல்லை. இன்னும் வராத தீமையைத் தடுக்க மக்கள் பணம் கொடுத்தார்கள் என்பதுதான் இதில் போற்றத்தக்கது.

கழிவு நீரைத் திருப்பும் பணி 1963-இல் தொடங்கி 1968-இல் முடிந்தது. நீரில் பாஸ்பரஸ் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. 1960-களின் தொடக்கத்தில் கோடையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குமேல் எதுவும் தெரியாத அந்த ஏரி, 1976-க்குப் பிறகு ஆறேழு மீட்டர் ஆழம் வரை தெளிந்தது. அந்த ஆண்டில் பெருகிய நீர்த்தெள்ளுகள் மிச்சப் பாசியைத் தின்று நீரை மேலும் தெளியவைத்தன. எட்மண்ட்சன் முன்கூட்டியே சொன்னபடி ஏரி பிழைத்தது.

தெளிவை எப்படி அளந்தார்கள்? ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்குவார்கள். அது கண்ணுக்கு மறையும் ஆழமே ஏரியின் தெளிவு. உலகெங்கும் இன்றும் பயன்படும் இந்தத் தட்டுக்கு 'செக்கி தட்டு' என்று பெயர். அதை அறிமுகப்படுத்தியவர், இயேசு சபைக் குருவும் வானியல் அறிஞருமான ஆஞ்சலோ செக்கி அடிகளார். 1865-இல் திருத்தந்தையின் கப்பலில் இருந்து மத்தியதரைக் கடலில் அவர் முதன்முதலாக இந்தச் சோதனையைச் செய்தார். விண்மீன்களை ஆராய்ந்த ஒரு குரு, தண்ணீருக்கும் ஓர் அளவுகோலைக் கொடுத்துச் சென்றிருக்கிறார்.

மீண்டும் நோயில் விழுந்த ஏரி

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே ஐந்து பேரேரிகள் உள்ளன. அவற்றுள் நீரின் அளவில் மிகச் சிறியது ஈரி. 1960-களில் 'ஈரி செத்துவிட்டது' என்றே பத்திரிகைகள் எழுதின. 1972-இல் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்தன. சலவைத் தூளில் பாஸ்பேட் குறைந்தது, சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களில் பாஸ்பரஸைப் பிரித்தெடுக்கும் முறைகள் வந்தன. ஆண்டுக்கு 11,000 டன்னுக்குமேல் பாஸ்பரஸ் ஏரிக்குள் போகக்கூடாது என்று இலக்கு வைத்து, 1980-களில் அதை எட்டியும் விட்டார்கள். நீர் தெளிந்தது, மீன்கள் திரும்பின. உலகமே அதைப் பாராட்டியது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 1990-களின் நடுப்பகுதியிலிருந்து பச்சை மெல்ல மெல்லத் திரும்பியது. இம்முறை குற்றவாளி ஒரு குழாய் அல்ல. ஆயிரக்கணக்கான வயல்கள். மௌமி என்ற ஆற்றின் இருபுறமும் விரிந்த விளைநிலங்களில் மேலாகத் தூவப்பட்ட உரமும் கால்நடை எருவும் கனமழையில் கரைந்து, வயலுக்கு அடியில் பதித்த வடிகால் குழாய்கள் வழியாக ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து ஏரிக்கும் வந்தன. மண்ணோடு ஒட்டி வரும் பாஸ்பரஸைவிட, நீரில் கரைந்து வரும் பாஸ்பரஸைப் பாசி உடனே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு விவசாயியும் தம் அளவில் தவறு செய்ததாக நினைக்கவில்லை. சிறிது சிறிதாகத்தான் வழிந்தது. எல்லாம் சேர்ந்துதான் வெள்ளமாயிற்று.

2014 ஆகஸ்ட் 2-ஆம் நாள் விடிந்தபோது, ஈரிக் கரையிலுள்ள டொலிடோ நகர மக்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காய்ச்சியும் குடிக்காதீர்கள். நீலப்பச்சைப் பாசி சுரக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு குடிநீரில் கலந்திருந்தது. அது கல்லீரலைத் தாக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நீர் வற்றுமே தவிர நச்சு போகாது, செறிவுதான் கூடும். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், கண்ணெதிரே கடல்போல் நன்னீர் கிடக்க, குடிக்கத் தண்ணீர் பாட்டில்களைத் தேடி அலைந்தார்கள். மூன்றாம் நாளில்தான் தடை நீங்கியது. ஆக, இங்கே உணவு உண்மையிலேயே நஞ்சாகவும் மாறிவிட்டது.

2008-இல் இருந்த அளவிலிருந்து 40 விழுக்காடு பாஸ்பரஸைக் குறைப்பது என்று இரு நாடுகளும் 2016-இல் புதிய இலக்கை ஏற்றன. ஆனால் குழாயை அடைப்பதைப் போல ஆயிரம் வயல்களின் வழிவதை அடைப்பது எளிதல்ல. கோடைதோறும் ஈரியின் மேற்குப் பகுதியில் பச்சை படர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருமுறை குணமானது என்பதற்காக, என்றைக்கும் நலம் என்று ஆகிவிடாது.

நம் ஊர்க் கண்மாய்க்கு வருவோம்

அங்கே நடந்தது நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். பாஸ்பரஸுக்கு நாடு, மொழி தெரியாது. நம் கண்மாய்களையும் குளங்களையும் மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. அதை வாரி வாரிக் கொட்டுகிறோம், சில மாதங்களில் மீண்டும் படர்ந்துவிடுகிறது. அதற்குச் சோறு போடுவதை நிறுத்தாமல் அதை மட்டும் வாரிக்கொண்டிருந்தால் எப்படித் தீரும்?

நம் முன்னோர் இதை வேறுவிதமாகக் கையாண்டார்கள். கோடையில் நீர் வற்றியதும் ஏரியின் வண்டலை வெட்டி, வண்டி வண்டியாக வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வயலிலிருந்து மழையில் கரைந்து ஏரிக்குப் போன சத்து, மீண்டும் வயலுக்கே திரும்பியது. ஏரியும் ஆழமானது, பயிரும் செழித்தது. 'பாஸ்பரஸ்' என்ற சொல்லை அவர்கள் கேட்டதே இல்லை. ஆனால் சத்து அதன் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. அந்த வழக்கம் குறைந்து, கடையில் வாங்கும் மூட்டை உரம் வந்த பிறகு, சத்து ஒரே திசையில் ஓடத் தொடங்கிவிட்டது. வயலுக்கு வருகிறது, குளத்துக்குப் போகிறது, அங்கேயே தங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. அது முழுவதும் குளத்தில் கரைந்தால் 5 டன் வரை பாசியை வளர்க்க முடியும். அதுபோல ஒரு மனிதரின் உடலிலிருந்து நாள்தோறும் ஒரு கிராமுக்குக் குறையாத பாஸ்பரஸ், பெரும்பாலும் சிறுநீர் வழியாக, வெளியேறுகிறது. 1669-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர், தங்கம் கிடைக்கும் என்று நம்பிச் சிறுநீரைக் காய்ச்சியபோதுதான் பாஸ்பரஸே முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது! ஒரு லிட்டர் சாக்கடை நீரில் இருக்கும் பாஸ்பரஸ், தெளிந்த ஏரி நீர் நூறு லிட்டருக்கு மேல் பச்சையாக்கப் போதும்.

நாம் செய்யக்கூடியவை சில:

முதலாவது, நம் வீடு, பள்ளி, விடுதி, பங்கு வளாகம் ஆகியவற்றின் கழிவு நீர் எங்கே போகிறது என்று கேட்டுப் பார்ப்போம். "வாய்க்காலில் போகிறது" என்பது பதில் அல்ல. அந்த வாய்க்கால் எங்கே முடிகிறது? செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய வரும் லாரி அதை எங்கே கொண்டுபோய்த் திறந்துவிடுகிறது? பணம் கொடுக்கும் நமக்கு அதைக் கேட்கும் கடமையும் உண்டு.

இரண்டாவது, விவசாயிகள் மண் பரிசோதனை செய்து, மண்ணில் இல்லாததை மட்டும் போடுவது நல்லது. பல வயல்களில் பழைய பாஸ்பரஸே மிச்சம் இருக்கும். கனமழை வரப்போகிறது என்று தெரிந்தால் உரம் தூவுவதை இரண்டு நாள் தள்ளிப்போடலாம். அது காசுக்கும் நல்லது, குளத்துக்கும் நல்லது. வயலுக்கும் நீருக்கும் இடையே சிறிது புல்தரையை விட்டுவைத்தால் வழிவதில் ஒரு பகுதியாவது அங்கே தங்கிவிடும்.

மூன்றாவது, சலவைத் தூளை அளந்து போடுவோம். துணியையும் பாத்திரத்தையும் குளத்திலேயே அலசுவதைத் தவிர்ப்போம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், ஆறுகளையும் ஏரிகளையும் கெடுப்பவற்றைச் சொல்லும்போது சலவைப் பொருள்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

நான்காவது, அரசு அனுமதி பெற்று வண்டல் எடுக்கும் வழக்கத்தை மீட்டெடுப்போம். வாரிய ஆகாயத்தாமரையைக் கரையிலேயே குவித்துவிட்டால், அது அழுகி, சத்து மழையோடு மீண்டும் குளத்துக்கே போகும். தொலைவில் கொண்டுபோய் மட்கவைத்து உரமாக்க வேண்டும்.

ஐந்தாவது, நம் இளையோர் இயக்கத்தினர் செக்கி அடிகளாரின் தட்டைச் செய்து பார்க்கலாம். ஒரு சாண் அகலத் தட்டுக்கு வெள்ளை வர்ணம் பூசி, அடியில் எடை கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றில் மதகு மேலிருந்தோ படித்துறையிலிருந்தோ மாதம் ஒருமுறை இறக்கி, மறையும் ஆழத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மழைக்குப் பின் வரும் செம்மண் கலங்கல் வேறு, பாசியின் பச்சை வேறு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். செலவு ஏதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் எழுதிய அந்த நோட்டு, ஊராட்சி அலுவலகத்தில் நூறு புகார் மனுக்களைவிட உறுதியாகப் பேசும்.

வாஷிங்டன் ஏரியைக் காப்பாற்றியது ஒரு பேராசிரியரின் அறிவு மட்டுமல்ல. வராத தீமைக்காக முன்கூட்டியே விலை கொடுக்க இசைந்த சாதாரண மக்களின் வாக்கு. ஈரி ஏரியைக் கெடுத்தது ஒருவரின் கொடுமையும் அல்ல. 'என் பங்கு சிறியதுதானே' என்ற பலரின் எண்ணம். இந்த இரண்டில் நம் ஊர்க் குளத்துக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்?

ஏரிக்குப் பசி தெரியும். போதும் என்று சொல்ல மட்டும் அதற்கு வாய் இல்லை. அதற்காக அதைச் சொல்ல வேண்டியவர்கள் கரையில் வாழும் நாம்தான். சிந்திப்போம், செயல்படுவோம்.